வௌவால் வீட்டுக்கு வந்தவன்

ஜனவரி, மூன்றாம் சனிக்கிழமை.
பாம்பர்க்கிலிருந்து நாற்பது நிமிடம்.
பீர் வாசம் போய் எழுபது வருடமான
ஒரு பாறை நிலவறை.

சாவி ஊல்ரிக்கேயிடம்.
வார நாட்களில் அஞ்சல் வண்டி ஓட்டுகிறாள்.
நான் வீடுகளுக்கு வெப்பம் பொருத்துகிறவன்:
கொதிகலன், வால்வு, தெர்மோஸ்டாட்.

கம்பிக் கதவின் முன் சொன்னாள்:
பேச வேண்டாம்.
விளக்கைத் தாழ்த்திப் பிடி.
எங்கேயும் நிற்காதே,
எண்ணிக்கொண்டே நட.

தொழில் புத்தி விடவில்லை.
பையிலிருந்த வெப்பமானியைச் சுவருக்குக் காட்டினேன்.
ஏழு.
கூரையில் தொங்கிய முதல் எலிக்காது வௌவாலுக்குக் காட்டினேன்.
அதுவும் ஏழு.
கல்லுக்கும் உயிருக்கும் ஒரே எண் போட்டுக்
கருவி என் கையில் சும்மா இருந்தது.

(இருபத்திரண்டுக்கு அரைப்புள்ளி குறைந்தால்
ஞாயிறென்றும் பாராமல் கூப்பிடுகிற
திருமதி ட்ராய்ட்லைனை நினைத்துக்கொண்டேன்.)

மூன்று. ஐந்து. ஒரு பிளவுக்குள் நெருக்கியடித்து ஒன்பது.
மயிரெல்லாம் பனித்துளி.
பிடித்துக்கொள்ள அவற்றுக்குப் பலம் தேவையில்லை,
சொந்த எடையே விரலைப் பூட்டிவிடும்.
விடுவதற்குத்தான் பலம் வேண்டும்.
செத்ததும் தொங்கும்.
ஆகவே எண்ணிக்கையில்
உயிர், சாவு என்று இரண்டு பத்திகள் கிடையாது.

பறக்கையில் அறுநூறு அடிக்கிற இதயம்
இப்போது பத்தோ பதினைந்தோ.
ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே
சில சமயம் ஒரு மணி நேரம் போகுமாம்.
அந்த இடைவெளிக்குள் நாங்கள்
மொத்த அறையையும் எண்ணி, கதவைப் பூட்டி,
வண்டியில் காபி குடித்து முடித்திருப்போம்.
பெண் உடம்புகளுக்குள்
இலையுதிர்காலத்துக் கூடலும் அப்படியே காத்திருக்கிறது,
கருவாகாமல், கெடாமல்,
ஏப்ரலில் முதல் வண்டு கிளம்பும்வரை.

பதினேழாவது
என் தலைக்கு ஒரு சாண் மேலே.
வெளியே மைனஸ் நான்கில் விறைத்த என் கண்ணாடி
உள்ளிருந்த ஈரத்தில் மங்கிப்போயிருந்தது.
நின்றேன். துடைத்தேன். மறுபடி மங்கியது.
மறுபடி துடைத்தேன்.
என் மூச்சு வெண்புகையாய் ஏறி
அதன் வயிற்றில் முட்டிக் கலைவதை
கண்ணாடி தெளிந்த பிறகுதான் பார்த்தேன்.

வௌவால் வீட்டுக்கு விருந்தாளி போனால்
நீயும் தொங்கு, நானும் தொங்கு என்பார்கள்.
தொங்கத் தெரியாத விருந்தாளி நான்,
முப்பத்தேழு டிகிரியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு காது நடுங்கியது.
எட்டு.
ஒன்பதரை.
பதின்மூன்று.
ஆயிரம் கொதிகலன் பற்றவைத்த கை இது.
இப்படியொன்றைக் கண்டதில்லை:
குழாய் இல்லை, சுடர் இல்லை, சத்தமில்லை,
தோள்களுக்கு நடுவே
ஒரு சிட்டிகைப் பழுப்புக் கொழுப்பு
தன்னைத்தானே எரித்துக்கொள்கிறது.
அதன் மேலிருந்த பனித்துளிகள்
ஒவ்வொன்றாக உருண்டு
என் நெற்றியில் விழுந்தன.

ஊல்ரிக்கே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
அட்டையில் எழுதினாள்:
17, விழிப்பு.
காரணம் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டாள்.

மார்ச் முடியும்வரை இங்கே பூச்சி கிடையாது.
செலவழித்ததை நிரப்ப வழி கிடையாது.
எத்தனை நாளின் சேமிப்பு
என் கைக்குட்டைக்குப் போனது என்று
அன்றிரவு கூட்டிப் பார்த்தேன்.
ஒவ்வொரு முறையும் வேறு விடை.

ஏப்ரல் பதினொன்றில் அவளுடைய செய்தி:
வாசல் கருவியில் வெளியேறியவை நாற்பத்தொன்று.
நாம் எண்ணியது நாற்பத்திரண்டு.
பின்பக்கம் இன்னொரு ஓட்டை இருக்கிறது, தெரியும்தானே.

தெரியும்.
அப்போது நான்
திருமதி ட்ராய்ட்லைன் வீட்டுக் கீழ்த்தளத்தில்
வால்வு ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தேன்.
சலவை இயந்திரத்தின் ஆவியில் கண்ணாடி மங்கியது.
துடைக்க நிற்காமல்
சுவரைத் தடவிக்கொண்டே
படியேறி வந்தேன்.